லைஃப் கோச்சிடம் போகலாமா? ஒன்றரை ஆண்டு அனுபவத்தில் ஒரு வரவு செலவு

லைஃப் கோச்சிடம் போகப் போகிறேன் என்றதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "பேசுவதற்கா பணம்?" என்பதுதான். சித்தி இன்னும் ஒரு படி மேலே போய், ஜோசியரிடம் போயிருந்தால் இருநூறு ரூபாயில் வேலை முடிந்திருக்கும் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லைஃப் கோச் என்பவர், வாழ்க்கையிலும் வேலையிலும் நாமே முடிவெடுக்கும்படி கேள்விகள் கேட்டு உதவும் ஆள். ஒன்றரை ஆண்டுபோல ஒரு கோச்சுடன் வேலை செய்துவிட்டு இதை எழுதுகிறேன். போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களுக்கு உதவலாம்.

என் குழப்பம் ஒன்றும் பெரிய விஷயம் அல்ல. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இருக்கும் சிறு பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கலாமா என்பது கேள்வி. கேட்டவர்கள் எல்லோரும் பதில் வைத்திருந்தார்கள். கணவருக்கு வீட்டுக் கடன் தவணை பயம். அம்மாவுக்கு மாதச் சம்பளம் என்றால்தான் மரியாதை. மேலாளருக்கு, நான் போய்விட்டால் மார்ச் மாதக் கணக்கை யார் முடிப்பது என்ற கவலை. சொந்தத் தொழில் செய்யும் தம்பிக்கோ, தான் எடுத்த முடிவு சரி என்று காட்ட இன்னோர் ஆள் தேவைப்பட்டது. யாருக்கும் என்மேல் அன்பு குறைவில்லை. ஆனாலும் ஒவ்வொருவர் யோசனையிலும் அவரவர் லாப நஷ்டம் கொஞ்சம் கலந்தே வந்தது.

என் பதில் எதுவானாலும் தனக்கு எதுவும் கூடவோ குறையவோ செய்யாத ஓர் ஆள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். நான் கொடுத்த பணம் இதற்குத்தான். ஜோசியர் பதிலைக் கையில் கொடுத்து அனுப்புவார். என் கோச் கடைசிவரை ஒரு பதிலும் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதங்கள் அதுவே எரிச்சலாக இருந்தது.

அமர்வு நடக்கும் விதம் எளிமையானது. வியாழன் இரவு, சென்னையில் இருக்கும் அவருடன் வீடியோ அழைப்பு, மாதம் இருமுறை. இந்த ஒரு மணி நேரம் முடியும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று தொடங்குவார். பிறகு இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதை எப்போது செய்யப் போகிறீர்கள் என்று போகும். இந்த நான்கு படி வரிசை அவர் கண்டுபிடித்தது அல்ல. 1980களில் பிரிட்டனில் உருவான முறை. கார் பந்தய வீரராக இருந்து இந்தத் துறைக்கு வந்த ஜான் விட்மோரால் பிரபலமானது. உலகெங்கும் கோச்சுகள் பாதிப்பேர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது. அதனால் யாராவது "என் தனி ரகசிய முறை" என்று விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பலன் கிடைத்தது பேச்சில் அல்ல, ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் நானே ஒப்புக்கொண்டு வந்த வேலையில். ஒருமுறை, "பட்டறைக்காரர்கள் இப்போது கணக்குக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் கனவு கண்ட தொழிலின் விலையே தெரியவில்லை! அடுத்த வியாழனுக்குள் சில பட்டறைகளில் கேட்டுவிடுவதாகச் சொன்னேன். வீட்டில் சொல்லியிருந்தால் தள்ளிப்போட்டிருப்பேன். வெளியாள் ஒருவர் தேதி குறித்துக்கொண்டு கேட்கப் போகிறார் என்பதால் போனேன். லேத் ஓடும் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசி வாங்கிய அந்த எண்கள், என் ஆசையை ஒரு தொழில் திட்டமாக மாற்றின. சிலர் கொடுக்கும் தொகை நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் தேதி தவறி அபராதம் கட்டி நொந்துபோனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன்.

இன்னொரு நாள் அவர் கேட்டது: "மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ரிட்டர்ன் தாக்கல். 20-ஆம் தேதி உங்கள் மகனுக்குத் தேர்வு என்றால் என்ன செய்வீர்கள்?" சுதந்திரத்துக்காகத் தொழில் என்று அதுவரை சொல்லிவந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். தொழில் வேண்டும் என்றுதான் இப்போதும் தோன்றியது. அதற்கான காரணம் வேறாக இருந்தது.

எல்லா அமர்வுகளும் இப்படி அமையவில்லை. வட்டம் வரைந்து எட்டாகப் பிரித்து, உடல்நலம், பணம், குடும்பம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) குறிப்புகளோடு வாழ்பவள் நான்; "குடும்பம் 7" என்று எழுதும்போது கை கூசியது. நடுவில் சில மாதங்கள் சொன்னதையே சொல்லி ஓடின. அப்போது நிறுத்த நினைத்தேன், அவரும் நிறுத்தலாம் என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் என்னைத் தொடர வைத்தது.

ஏனென்றால் இவரிடம் வருவதற்கு முன்பு வேறொருவரின் இலவச அறிமுக அழைப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சில் கண்ணீர், கைதட்டல், கடைசியில் "இன்று நள்ளிரவு வரை மட்டும்" என்ற தள்ளுபடி விலை. ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். முடித்தால் நீங்களும் கோச் ஆகலாம், சான்றிதழ் உண்டு என்றார்கள். குழப்பத்தோடு வந்த ஆளையே குழப்பம் தீர்க்கும் ஆளாக மாற்றி அடுத்த வரிசையில் நிறுத்தும் ஏற்பாடு அது. அங்கே நான் எடுக்கும் முடிவில் அவர்களுக்கு லாபம் உண்டு. கோச்சைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் ஒரே உரைகல் இதுதான்: நான் "வேண்டாம்" என்றால் இவர் முகம் மாறுகிறதா?

சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் லைஃப் கோச் என்று பலகை மாட்ட எந்த அரசு உரிமமும் தேவையில்லை. நீங்களும் மாட்டலாம், நானும் மாட்டலாம். சர்வதேச அளவில் 1995-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். (சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு) என்ற அமைப்பு மூன்று படிநிலைச் சான்று தருகிறது. முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும், அடுத்த படியான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும், உச்சப் படியான எம்.சி.சி.க்கு 200 மணி நேரப் பயிற்சியும் 2,500 மணி நேர அனுபவமும். பெயரைக் கொடுத்துச் சரிபார்க்கும் வசதி அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. அங்கே பெயர் இருப்பதால் ஒருவர் நல்ல கோச் ஆகிவிட மாட்டார். ஆனால் 2,500 மணி நேரம் என்று வாயால் சொல்பவருக்கும் காட்டுபவருக்கும் வித்தியாசம் உண்டு.

அதைவிட எனக்கு உபயோகமாக இருந்தது ஒரு பக்க ஒப்பந்தம். கட்டணம் எவ்வளவு, அமர்வை ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், பேசியது யாரிடமும் போகாது, எந்தப் பக்கமும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எழுதியிருந்தது. உங்கள் நிறுவனம் பணம் கட்டி கோச் ஏற்பாடு செய்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள். மனிதவளப் பிரிவுக்கு என்ன அறிக்கை போகும் என்பதை முதல் நாளே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ரசீதையும் விட்டுவிடாதீர்கள். காசு கொடுத்துப் பெறும் சேவை இது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கோச் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. அப்பா இறந்த பிறகு எனக்கு வாரக்கணக்கில் தூக்கம் இல்லை. விடியற்காலையில் காரணம் இல்லாமல் நெஞ்சு படபடக்கும். அமர்வில் அதைப் பேச ஆரம்பித்தேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "அம்மா, இது என் வேலை இல்லை. நீங்கள் மருத்துவரையோ மனநல நிபுணரையோ பார்க்க வேண்டும். அதுவரை நம் அமர்வுகளை நிறுத்திவைப்போம்" என்றார். அந்த மாதக் கட்டணமும் வாங்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குறிப்பிடும் மனநல நிபுணர்களில் லைஃப் கோச் கிடையாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். நான் போனவரிடம் பதிவு எண்ணைக் கேட்டேன், தயங்காமல் சொன்னார். யாரிடம் போவது என்றே தெரியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது; கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். துக்கம், தூக்கமின்மை, குடிப்பழக்கம், உயிரை விட்டுவிடும் எண்ணம் என்று எதுவாக இருந்தாலும் கோச்சிடம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். "நான் அதையும் குணப்படுத்துவேன்" என்று சொல்லும் கோச்சிடம் வேறு எதற்கும்கூடப் போக வேண்டாம்.

இனி பணம். ஓர் அமர்வுக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன், மாதம் 5,000. வேலையில் கடைநிலையில் இருந்தபோது இந்தத் தொகையை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். கடன் வாங்கியோ நகையை வைத்தோ போகும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. முடிவெடுக்க வேண்டிய கேள்வி ஒன்று கையில் இருந்து, உங்கள் வீட்டில் எல்லோரும் அதில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், மூன்று மாதங்களுக்கு மட்டும் பேசிப் பார்க்கலாம். கேள்வியே இல்லாமல், வாழ்க்கை என்னவோபோல் இருக்கிறது என்பதற்காகப் போனால் வட்டம் வரைந்துகொண்டிருப்பீர்கள். சொந்த விஷயம் எதுவும் கலக்காமல் கேட்கத் தெரிந்த ஒரு தோழி இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். எனக்கு அப்படி ஒருத்தி இருந்தாள். அவள் கனடா போய்விட்டாள்.

ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டு, தவணைக்கு ஆறு மாதத் தொகையைத் தனியே ஒதுக்கிவிட்டு, மார்ச் கணக்கையும் முடித்துக் கொடுத்த பிறகுதான் வேலையை விட்டேன். தொடர் அமர்வுகள் அதோடு நின்றன. இப்போது அவர் கட்டணம் 3,500 ஆகிவிட்டது. உதவிக்கு ஓர் ஆள் வைக்கலாமா என்ற கேள்வி வந்திருக்கிறது. தம்பி வைக்கச் சொல்கிறான், கணவர் வேண்டாம் என்கிறார். அடுத்த வியாழன் ஒரே ஓர் அமர்வுக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.