வலைப் பந்தலுக்கு அடியில் தொட்டித் தண்ணீரை மாற்றுவது: ஒரு பெங்களூரு பால்கனி அனுபவம்

வீட்டில் ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் உரம் கரைத்த தண்ணீரிலேயே செடி வளர்ப்பது, தொடங்க நினைப்பவர்கள் எந்த உரம், எந்த விளக்கு, எந்த விதை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். செடியை வலைமேல் படர விட்டு அதற்கு அடியில் தண்ணீர்த் தொட்டியை வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தத் தண்ணீரை எப்படி வெளியே எடுக்கப் போகிறோம்? சில வருடங்களாக பெங்களூரில், மூன்றாவது மாடி பால்கனியில் இப்படித்தான் வெள்ளரியும் கொடிப் பசலையும் வளர்த்து வருகிறேன். இந்த அமைப்பில் மற்ற எல்லாமே ஓரளவு தானாக நடக்கிறது. தண்ணீர் மாற்றுவது மட்டும்தான் உண்மையான வேலை. அதைச் சுலபமாக்கினால் தோட்டம் நிலைக்கும், இல்லையென்றால் நாலு மாதத்தில் கை ஓய்ந்துவிடும்.

என் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற, வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் தொட்டி. மூடியில் துளையிட்டு, நெட் பாட் என்கிற வலைபோன்ற சின்னக் கிண்ணங்களில் நாலு செடி. வேர் நேராகத் தண்ணீருக்குள் தொங்கும், ஏர் பம்ப்பும், காற்றைச் சின்னக் குமிழ்களாக விடுகிற ஏர் ஸ்டோனும் காற்றுக் கொடுக்கும். மூடிக்கு ஒன்றரை அடி உயரத்தில் பிவிசி பைப் சட்டத்தில் நைலான் வலையைக் கிடைமட்டமாகக் கட்டியிருக்கிறேன். கொடியை மேலே ஏற்றாமல் வலைக்குள் கோர்த்துக் கோர்த்துப் பக்கவாட்டில் ஓட விடுவேன். கிழக்கு பார்த்த பால்கனிக்கு காலை வெயில் மட்டும்தான். கொடி செங்குத்தாக ஏறினால் முன்வரிசை இலைகளே வெயிலை எல்லாம் வாங்கிக்கொள்ளும், வீட்டுக்குள்ளும் இருட்டாகிவிடும். படுக்கை வலையில் எல்லா இலைக்கும் ஓரளவு சமமாக வெளிச்சம் கிடைக்கிறது. புறா வலை போட்ட பால்கனிக்குள் தேனீ அதிகம் வருவதில்லை என்பதால், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கிற பார்த்தினோகார்ப்பிக் வெள்ளரி விதைதான் வாங்குகிறேன்.

வலையில் கொடி பின்னிக்கொண்ட பிறகு மூடியைத் திறக்க முடியாது. மூடியில்தான் செடி இருக்கிறது, செடி வலையில் மாட்டியிருக்கிறது. கீரைக்கு வைக்கிற சாதாரணத் தொட்டி என்றால் மூடியோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிக் கழுவி நிரப்பிவிடலாம். இங்கே செடி அசையாது, அதனால் தொட்டியும் அசையாது.

சிஃபன் குழாய் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. மூடி ஓரத்தில் ஒரு துளை வழியாக அரை இஞ்ச் குழாயை விட்டு, மறுமுனையை தாழ்வாகப் பிடித்தால் தண்ணீர் இறங்கும். ஆனால் பால்கனியில் தொட்டி தரையில் இருக்கிறது, அதைவிடத் தாழ்வான இடத்துக்கு எங்கே போவது? தொட்டிக்கு அடியில் ஹாலோ பிளாக் வைத்து உயர்த்தினால் வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. அடியில் இரண்டு விரல் தண்ணீர் தங்கியே போகும். வண்டலும் செத்த வேர்த் துணுக்குகளும் கிடப்பது அந்த இரண்டு விரல் தண்ணீரில்தான். குழாய் முனையில் கொசு வலைத் துண்டைக் கட்டாவிட்டால் வேர் அடைத்துக்கொள்ளும், கட்டினால் இன்னும் மெதுவாகும்.

அடுத்தது ஏர் கூலரில் போடுகிற சின்ன சப்மெர்சிபிள் பம்ப். எஸ்.பி. ரோட்டில் விதவிதமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. சிஃபனைவிடப் பல மடங்கு வேகம். தொட்டிக்குள்ளேயே போட்டால் வேர் அதன் வாயில் போய்ச் சுற்றிக்கொள்ளும் என்பதுதான் குறை. வெள்ளரி வேர் வெள்ளை நூல்கண்டுபோல வளர்ந்து தொட்டி முழுக்கப் பரவும். அதில் பம்ப்பை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது கஷ்டம்.

நான் இப்போது யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வது பக்க வாளி முறை. தொட்டியின் பக்கவாட்டில், அடியை ஒட்டி ஒரு டேங்க் நிப்பிள், அதாவது தொட்டிச் சுவரில் பைப்பைப் பொருத்துகிற இணைப்பு. அதிலிருந்து குட்டையான ஒரு பைப் பக்கத்தில் உள்ள 20 லிட்டர் மூடி வாளிக்குப் போகிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் மட்டமும் இரண்டிலும் ஒன்றே. வாளி வலைக்கு வெளியே இருக்கிறது, மூடியை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அளவு பார்ப்பது, உரம் சேர்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, இறைப்பது எல்லாம் அங்கேதான். கூலர் பம்ப்பும் அந்த வாளிக்குள் கிடக்கும். சாதாரண நாளில் அதன் குழாய் தொட்டிக்குள் விடும், தண்ணீர் மாற்றுகிற நாளில் அதே குழாயை கேனுக்குத் திருப்பினால் போதும். வாளியின் அடியில் கைப்பிடியைத் திருப்பித் திறக்கிற ஒரு வால்வும் (ball valve) வைத்திருக்கிறேன், கடைசி வண்டலை ஒரு தட்டையான பேசினில் வடிக்க அது உதவும். பைப், வாஷர், வால்வு, டெஃப்லான் டேப் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிய செலவில்லை. நல்ல விளக்கு, தண்ணீரில் கரைந்த உர அளவைக் காட்டுகிற விலை கூடிய மீட்டர் இவற்றுக்கு முன்னால் காசு போட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு, இரண்டும் முக்கியம். வாளியும் தொட்டியும் இணைந்திருந்தாலும் தண்ணீர் தானாகக் கலந்துவிடாது. வாளியில் உரத்தை ஊற்றிவிட்டு அங்கேயே மீட்டரை வைத்தால் அது காட்டுவது வாளியின் கணக்கு, வேர் நிற்கிற தண்ணீரின் கணக்கு வேறாக இருக்கும். பம்ப்பைச் சிறிது நேரம் ஓட விட்டுக் கலந்த பிறகுதான் அளக்க வேண்டும். அப்புறம், பம்ப் தொட்டிக்குள் தள்ளுகிற வேகத்துக்கு அந்த இணைப்புப் பைப் வழியாகத் தண்ணீர் திரும்பி வர வேண்டும். ஒரு இஞ்ச் பைப்பில் பம்ப்பைத் தொடர்ந்து ஓட விட்டால் வாளி வற்றித் தொட்டி நிரம்பி வழிய வாய்ப்பு உண்டு. வேர் போய் பைப் வாயை அடைத்துக்கொண்டால் நிச்சயம் வழியும். அதனால் பைப் வாயில் ஸ்டீல் வலை வைத்து, பம்ப்பை விட்டு விட்டு ஓட்டுகிறேன். புதிதாக அமைப்பவர்கள் நேராக இரண்டு இஞ்ச் பைப் போடுங்கள்.

எப்போது மாற்றுவது? மீட்டர் ஈசி (EC, மின்கடத்துதிறன்) அளவைச் சொல்லும், அதாவது கரைந்திருக்கிற உப்பு மொத்தம் எவ்வளவு என்று. எந்த உப்பு என்று சொல்லாது. செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் விறுவிறுவென்று உறிஞ்சும். சோடியம், குளோரைடு, சல்பேட் போன்றவை மெல்ல மெல்லத் தங்கும். அளவு குறையக் குறைய நாம் உரம் சேர்த்துச் சரிக்கட்டுவோம், மீட்டரும் பழைய எண்ணையே காட்டும், ஆனால் உள்ளே விகிதம் மாறியிருக்கும். அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல், குறைந்ததற்கு ஈடாக ஊற்றிய தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொண்டே வருகிறேன். அது தொட்டியின் கொள்ளளவைத் தொட்டதும் முழுதாக மாற்றிவிடுவேன். காய்க்கிற வெள்ளரி வெயில் நாளில் ஒரு செடிக்கே இரண்டு லிட்டர் குடிக்கும், எனவே அந்தப் பருவத்தில் இந்தக் கணக்கு வேகமாக வந்துவிடும். கீரை மட்டும் இருக்கும்போது வாரக்கணக்கில் தாங்கும்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. எங்கள் குடியிருப்பில் சில நாள் காவிரித் தண்ணீர், சில நாள் போர்வெல், கோடையில் டேங்கர். மூன்றும் ஒரே குழாயில்தான் வரும். காவிரித் தண்ணீர் வரும்போது, கரைந்த உப்பை பிபிஎம்-இல் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) காட்டுகிற டிடிஎஸ் பேனா 200-ஐ ஒட்டிக் காட்டும், டேங்கர் நாளில் 700-ஐத் தாண்டும். குடிநீருக்கே 500 என்பதுதான் இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு. 700 பிபிஎம் என்றால், ஈசியை 500-ஆல் பெருக்கி பிபிஎம் காட்டுகிற பேனாவில், ஈசி 1.4. வெள்ளரிக்கு நான் வைப்பது 2.0 அளவில். அப்படியானால் உரத்துக்கு மிஞ்சுகிற இடம் வெறும் 0.6. மீதியெல்லாம் செடி அதிகம் கேட்காத உப்பு. அந்தத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட், பிஹெச்சையும் (புளிப்பா காரமா என்று காட்டும் எண்) இழுத்து இழுத்து மேலே கொண்டு போகும், இன்று பாஸ்பாரிக் அமிலம் விட்டு 6-க்குக் கொண்டுவந்தால் நாளை மறுபடி 7. உங்கள் பேனா 500 கணக்கா 700 கணக்கா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், வேறு வேறு பேனாவின் எண்ணை ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

இதற்கு நான் கண்ட நல்ல வழி மழைநீர். மே மாதத்து இடி மழையிலிருந்து அக்டோபர் வரை, முதல் சில நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடித்தால் டிடிஎஸ் ஒற்றை இலக்கத்திலோ கொஞ்சம் மேலோ நிற்கும். போர்வெல் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே பிஹெச் அடங்கிவிடுகிறது. ஆர்ஓ தண்ணீரும் ஆகும்தான், ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகத் தண்ணீர் கழிவாகப் போகிற மெஷினைத் தொட்டிக்காக ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்து, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது தொட்டியைக் காயப்போட்டுவிட்டேன். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து மேலேற்றிக் கொண்டுவருகிற காவிரித் தண்ணீர் அது. அந்தக் கோடை முழுக்க அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரில் மண் தொட்டிச் செடிகளை மட்டும் காப்பாற்றினோம்.

மாற்றுகிற நாளின் ஒழுங்கு இப்படி. முந்தைய இரவே புதுத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துவிடுவேன். குளோரின் வாடை கொஞ்சம் போகும், தொட்டியின் சூட்டுக்குப் பக்கத்திலும் வந்துவிடும். ஏ, பி என்று இரண்டு பாகமாக வருகிற உரத்தில் ஏ பாகத்தை முதலில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே பி பாகம். கால்சியம் நைட்ரேட் ஒரு பக்கம், சல்பேட்டும் பாஸ்பேட்டும் இன்னொரு பக்கம் என்று பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு, அடர்த்தியாகச் சந்தித்தால் சுண்ணாம்புபோலப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. கடைசியில் பிஹெச் பார்த்து 5.8-க்கும் 6.2-க்கும் நடுவில் நிறுத்துவேன். பிஹெச் பேனாவை, பிஹெச் இன்னது என்று தெரிந்த பஃபர் பவுடர் கரைசலில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும், அது முடியாதவர்களுக்குச் சொட்டு மருந்துபோல விட்டு நிறம் பார்க்கிற கிட்டே மேல்.

வெயில் ஏறுவதற்கு முன், காலையில் பழைய தண்ணீரை இறைக்கத் தொடங்குவேன். மெதுவாக. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த வேர்க்கட்டு, மட்டம் இறங்க இறங்க ஈரக் கனத்தோடு தொங்க ஆரம்பிக்கும். மேலே தண்டு வலையில் இறுக்கமாகக் கட்டியிருந்தால் இந்த இழுவை முழுதும் தண்டின் அடிக்குத்தான். அதனால் மூடிக்கும் வலைக்கும் நடுவே தண்டைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, கட்டுவதையும் மெல்லிய துணி நாடாவால் கட்டுகிறேன். மூடி மூடியே இருப்பதால் உள்ளே ஈரம் நிற்கும், அரை மணி நேரம் வேருக்கு ஒன்றும் ஆகாது. நிரப்பும்போது வேரின் மேல்பகுதி இரண்டு இஞ்ச் காற்றில் இருக்கும்படி விட்டுவிடுவேன். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றாலும் அந்தப் பகுதி மூச்சு விடும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான், அதுவும் கடல் மட்டத்தில். 900 மீட்டருக்கு மேலே இருக்கிற பெங்களூரில் இன்னும் குறைவு. ஏப்ரல் மாதத்து பவர் கட்டில் வேர் பழுப்பாகிச் சேற்று வாடை அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், கணக்குப் பார்க்காமல் அன்றே தண்ணீரை மாற்றுங்கள்.

ஆமாம், ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்க விடுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி பம்ப்புக்குள் வரலாம்.

வெளியே எடுத்த 60 லிட்டரை வடிகாலில் விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏரியில் போய்ச் சேர்ந்தால் ஆகாயத் தாமரைக்குத்தான் விருந்து, இந்த ஊர் ஏரிகள் ஏற்கெனவே பட்டது போதும். பாதிக்குப் பாதி சாதாரணத் தண்ணீர் கலந்து மண் தொட்டிகளுக்கு ஊற்றினால் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. உப்பு தேங்காமலிருக்க நடுநடுவே வெறும் தண்ணீரும் விட வேண்டும். கீழ் வீட்டில் சேலத்து அம்மா ஒருவர் இருக்கிறார், மல்லிகை வைத்திருக்கிறார். "கண்ணு, அந்த உரத் தண்ணி இந்த வாரம் உண்டா?" என்று படியில் பார்த்தால் கேட்பார். "நாளைக்குக் காலையில கேனோட கொண்டாந்து வெச்சிடறேங்கம்மா" என்பேன். மிச்சம் என்று ஒரு சொட்டும் இருப்பதில்லை.

வலையின் உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றரை அடிக்குக் கீழே இறக்காதீர்கள், கை போக வேண்டும். வலைக்கு அடியில் நிழலில் நிற்கிற இலைகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், காற்று ஓடாவிட்டால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் வெள்ளரி இலையில் சாம்பல் நோய் வந்து உட்கார்ந்துவிடும். தக்காளியை இந்த வலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாதக்கணக்கில் நிற்கிற செடி, வேர் பெருத்து இணைப்புப் பைப்பையே அடைத்துவிடும். வெள்ளரி இரண்டரை, மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதால் ஒவ்வொரு போகத்துக்கும் நடுவே வலையை அறுத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவ முடிகிறது. பசலையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும், ஆனாலும் வெள்ளரியோடு சேர்த்தே எடுத்துவிட்டுத் தண்டை வெட்டி மறுபடி வைக்கிறேன், எளிதில் வேர் பிடிக்கும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்க வாளிக்குள் சின்ன மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தி, உயரமான ஸ்டூலில் 20 லிட்டர் கேனைக் கவிழ்க்காமல் வைத்து, அதன் அடியில் ஒரு குழாய் எடுத்து வால்வில் சேர்த்துவிடுங்கள். மட்டம் இறங்கும்போது மட்டும் கேனிலிருந்து வரும். கேனில் வெறும் தண்ணீரோ கால் பங்கு உரமோ போதும். கிளம்புவதற்கு முந்தைய நாளே தண்ணீரை மாற்றி, பிஞ்சுகளையும் பெரும்பாலும் பறித்துவிட்டால் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் போகிறதென்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.