ஐம்பது புத்தகம் ஒரு தடவையா, ஒரு புத்தகம் அஞ்சு தடவையா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். சாயங்காலம் பாலராமபுரத்தில் வண்டி நகராமல் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் என் வாசிப்பு முழுவதும் அந்த சீட்டில்தான் நடக்கிறது. கூட வரும் அண்ணன் ஒருவர் வருஷத்துக்கு 50 புத்தகம் என்று கணக்கு வைத்துப் படிக்கிறவர், முடித்த தேதியை டைரியில் குறித்து வைப்பார். போன மாசம் என் கையில் தகழியின் மலையாள நாவல் 'செம்மீன்' இருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத நீ சின்ன வயசுலயே வாசிச்சிருப்பியே" என்றார். ஆமா அண்ணே, மறுபடியும் வாசிக்கேன் என்றேன். "படிச்சதையே படிச்சா புதுசு எப்ப படிப்ப?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அண்ணன் பக்கம். வருஷத்துக்கு 20 புத்தகம் படிக்கிறவர் 20 வயதில் தொடங்கி 70 வரை விடாமல் படித்தாலும் மொத்தம் 1000 புத்தகம்தான். ஒரு சின்ன ஊர் வாயனசாலையின், அதாவது நூலகத்தின், அலமாரியைக்கூட முடிக்க முடியாது. அதில் ஒன்றை இரண்டாவது தடவை எடுத்தால், படிக்காத இன்னொன்று கழிந்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பி.என்.பணிக்கர் ஊர் ஊராக நூலகம் கட்டி எழுப்பியதும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் இருக்கும், இன்னும் ஒரு புத்தகம், இன்னும் ஒரு வாசகன் என்று. அவர் மறைந்த ஜூன் 19-ஐ அங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். 'வாயிச்சு வளருக', வாசித்து வளருங்கள், என்று அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். பாறசாலைப் பக்கத்து வாயனசாலை ஒன்றில் உறுப்பினராகி, கையில் கிடைத்ததையெல்லாம் படித்திராவிட்டால், திரும்பப் படிக்கத் தகுந்தது எது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. நிறையப் படிப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் நன்னூல் குறைத்துத்தான் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கிறபோது அன்னத்தையும் பசுவையும் தலையில் வைக்கிறார், மண்ணையும் கிளியையும் நடுவில், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டும் பன்னாடை) நான்கையும் கடைசியில். ஆடு ஒரு செடியில் ஒரு கடி, அடுத்த செடியில் ஒரு கடி என்று போய்க்கொண்டே இருக்கும். பசு, புல் நிறைந்த இடம் கண்டால் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து மெதுவாக அசை போடும். அதே பாயிரத்தில் இன்னொன்றும் வருகிறது: 'ஒருகுறி கேட்போன் இருகாற் கேட்பின் பெருக நூலிற் பிழைபா டிலனே.' ஒரு தடவை கேட்ட பாடத்தையே இரண்டாவது தடவை கேட்டால் பிழை பெரும்பாலும் போய்விடும், 'முக்காற் கேட்பின் முறையறிந் துரைக்கும்', மூன்றாவது தடவை கேட்டால் முறை தெரிந்து பிறருக்குச் சொல்லவும் வரும். இலக்கண வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு இது ஒன்றும் ஆகவில்லை. இப்போது வாசிப்பைப் பற்றித் தமிழில் சொன்ன மிகச் சரியான பேச்சாக இதைத்தான் நினைக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் பவணந்தியாரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆட்டை அவ்வளவு கீழே தள்ள வேண்டியதில்லை. 17, 18 வயதில் எல்லாரும் ஆடுதான், ஆடாக இருந்தால்தான் எந்தச் செடி கசக்கும் எது இனிக்கும் என்று தெரியும். நாற்பதிலும் ஆடாகவே இருந்தால்தான் எனக்கு வருத்தம்.

சரி, செம்மீனுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பு. 17 வயதில் படித்த பிரதி, பென்சிலால் கோடு போட்டது. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் பேசுகிற இடமெல்லாம் கோடு, சில இடத்தில் இரண்டு கோடு. அவள் அப்பா செம்பன்குஞ்சு வள்ளமும் (படகு) வலையும் வாங்குவதற்காகப் பரீக்குட்டியிடம் பணம் வாங்குகிற பக்கங்களில் ஒரு கோடும் இல்லை, வெள்ளையாகக் கிடக்கின்றன. அந்த வயதில் அவை எனக்குக் காதலுக்கு நடுவே வந்த கடை விவகாரம். நடுவில் பதினேழு வருஷம் போனது, அப்பாவுக்கு முடியாமல் ஆனபிறகு எங்கள் மளிகைக் கடையின் பற்று நோட்டு என் கைக்கு வந்தது, கொடுத்த பணத்தைக் கேட்க முடியாமல் ஒருவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி நடப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அதன்பிறகு இரண்டாவது தடவை எடுத்தேன். நாவலின் முதல் வாக்கியமே, என் அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறாரே என்று கறுத்தம்மா சொல்வதுதான்! நான் அதை ஒரு பெண் ஒரு பையனிடம் குறும்பாகப் பேசுவதாகப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். திரும்பக் கொடுக்காத ஒரு கடனின் கதை அது. கடலம்மாவும் கற்பும் சாவும் எல்லாம் அந்தக் கடனைச் சுற்றித்தான் நிற்கின்றன, அப்பாவின் கடனை எப்படியாவது தீர்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறவள் கறுத்தம்மா. கதை மாறவில்லை, ஒரு வரிகூட மாறவில்லை.

போன மாசம் மூன்றாவது தடவை, மலையாளத்தில். எல்லையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை, மறுவாசிப்பையே வேறு மொழியில் செய்யலாம். அவள் பரீக்குட்டியைக் 'கொச்சு முதலாளி' என்று கூப்பிடுவதில் நின்றுவிட்டேன். முதலாளி என்றால் மரியாதை, தொழில், பணம். கொச்சு என்றால் சின்ன, செல்லமும் அதிலேயே இருக்கிறது. காதலும் வியாபாரமும் ஒரே கூப்பிடலுக்குள். கடைசியில் அவனுக்கு இரண்டுமே மிஞ்சாது. எனக்கு மலையாளம் மெதுவாகத்தான் வாசிக்க வரும், எழுத்துக் கூட்டி வாசித்ததால்தான் அந்தச் சொல் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். தமிழில் படிக்கிறபோது கதையின் வேகம் என்னை அங்கே நிற்க விட்டிருக்காது.

இந்த வேகத்தைப் பற்றி நாவலாசிரியர் நபக்கோவ் நன்றாகச் சொல்லியிருக்கிறார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா போய், 1948 முதல் 1959 வரை கார்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்தியவர். ஓவியத்தைப் பார்க்கிறபோது முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்துவிடுகிறது, புத்தகத்திலோ முதல் தடவை கண் வரி வரியாக ஊர்ந்து போகிற வேலையே பெரிய வேலை, அது முடிந்து இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில்தான் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்க்க முடியும் என்பது அவர் வாதம். ஒரு கல்லூரியில் நல்ல வாசகனுக்கு என்ன வேண்டும் என்று பத்து விடை கொடுத்து நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாராம். பிள்ளைகள் பாத்திரத்தோடு ஒன்றிப்போவது, விறுவிறுப்பு, சமூக வரலாற்றுப் பார்வை என்று போனார்கள். அவர் வைத்திருந்த நான்கு: கற்பனை, ஞாபகம், அகராதி, கொஞ்சம் கலையுணர்வு. இதில் ஞாபகத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கம் ஞாபகத்தில் இருந்தால்தான் முதல் பக்கம் முழுசாகப் புரியும், அந்த வசதி இரண்டாவது தடவை படிக்கிறவனுக்கு மட்டும்தான் கிடைக்கிறது.

அகராதி விஷயத்தில் ஒன்று: நம் ஆட்கள் தமிழ் நாவல் படிக்க அகராதி எதற்கு என்பார்கள். எங்கள் விளவங்கோடு பேச்சில் எழுதிய ஒரு கதையை மதுரைக்காரர் படித்தால் தெரியும் எதற்கு என்று.

இனி மறுவாசிப்பின் பலவீனம். நவில்தொறும் நூல்நயம் என்று வள்ளுவர் சொன்னது உண்மை, ஆனால் எல்லாத் திருப்பிப் படிப்பும் நவில்வது ஆகாது. மனசு சரியில்லாதபோது பிடித்த நாவலை எடுத்து, பிடித்த இடத்தை மட்டும் படித்து, அதே இடத்தில் அழுதுவிட்டு மூடி வைக்கிறோம். அது ஆறுதல், தேவையானதும்கூட. ஆனால் வாசகனாக அங்கே ஒரு அடியும் நகரவில்லை. நன்னூலின் கிளி அதுதான், சொல்லிக் கொடுத்ததையே திரும்பச் சொல்லும். ஒரு புத்தகத்தை மட்டும் பத்து தடவை படித்துவிட்டு வேறெதையும் தொடாதவரோடு பேசிப் பாருங்கள், ஐம்பது படித்த அண்ணனோடு பேசுவதே மேல் என்று ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் இரண்டாவது தடவை தேவையும் இல்லை. பயணக் குறிப்பு, சுயமுன்னேற்றம், தகவலுக்காகப் படிப்பது எல்லாம் ஒரு தடவை போதும். கொலை யார் செய்தான் என்பதற்காக மட்டும் எழுதிய கதையும் அப்படித்தான். கவிதைக்கும் நல்ல நாவலுக்கும் ஒரு தடவை என்பது அறிமுகம் மட்டுமே. உடனே திரும்ப எடுப்பதைவிட நடுவில் சில வருஷம் விடுவது எனக்கு நல்லது. நான் மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கோட்டின் மேலேயே மறுபடி கோடு போடுவேன். அண்ணனுக்கு நான் சொன்ன யோசனை, ஐம்பதில் பத்தைப் பழைய டைரிகளிலிருந்து எடுங்கள் என்பது. டைரியில் எங்கே எழுத என்று கேட்டார். அந்தப் பழைய தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள் என்றேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அம்மச்சி. எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் அவள் பள்ளியில் படித்தது மலையாளம். ஆடி பிறந்தால், அதாவது மலையாளத்துக் கர்க்கடகம், தினமும் சாயங்காலம் விளக்கு வைத்து மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் வாசிப்பாள், மாசம் முடியும்போது பட்டாபிஷேகம் வரும். அதுவும் கிளி சொல்வதாக அமைந்த கதைதான், ஆனால் இது வேறு கிளி. "எல்லா வருசமும் இதே கததானே அம்மச்சி" என்று கேட்டதற்கு, "கத தெரியாமலா மக்களே வாசிக்கேன்?" என்றாள்.

கோபப்படும் லட்சுமணனுக்கு ராமன் சமாதானம் சொல்லும் இடம் ஒன்று வரும். மனுஷப் பிறவி பழுக்கக் காய்ந்த இரும்பில் விழுந்த தண்ணீர்த் துளி என்று. சின்ன வயதில் அந்த வரி எனக்கு வெறும் சத்தம், புரியாத நல்ல சத்தம். தாத்தா இறந்த வருஷம் அம்மச்சி அந்த வரிக்கு வந்ததும் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முந்தின பக்கத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடியும் வாசித்து வந்தாள். அந்த வரி வந்தபோது நிற்காமல், கொஞ்சம் சத்தமாகவே வாசித்துக் கடந்து போனாள்.