இமயமலை மண்புழுப் பாம்பைப் பதிய ஐநேச்சுரலிஸ்ட் எப்படி?

டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் மழைக்காலத்தில் கல்லைப் புரட்டினால் பென்சில் கனத்தில், மினுமினுக்கும் கரும்பழுப்பில் ஒரு பாம்பு கிடக்கலாம். ட்ரகிஷியம் பேரினம், இரை மண்புழு. இதைப் பதிந்து வைக்க, பார்த்த உயிரினத்தின் படத்தை ஏற்றிப் பெயர் கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அருமையான இலவசச் சேவை. பதிவுக்கு 5-க்கு 4½ தரலாம். அது தானாகச் சொல்லும் பெயருக்கு 2-க்கு மேல் தர மனம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. ஓர் இனத்துக்குச் சுமார் 100 படங்களாவது சேர்ந்தால்தான் அதன் கணினி அந்த இனத்தைக் கற்கும். படம் குறைந்த இனம் பட்டியலிலேயே வராது. சாயலில் ஒத்த இன்னொன்றை நீட்டும். நீங்கள் அதை அழுத்தி, இன்னொருவரும் ஆமோதித்தால் 'ஆய்வுத் தரம்' (ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற முத்திரை) கிடைத்துவிடும். தவறான பெயர் ஆய்வாளர்களின் தரவில் போய் உட்காரும்.

ஆகவே படம்தான் முக்கியம். தலையின் மேற்புறம், பக்கவாட்டு, நடு உடல் மூன்றும் வேண்டும். நடு உடலில் செதில் வரிசை 13-ஆ 15-ஆ என்று எண்ண முடிய வேண்டும். அந்த எண்ணிக்கையிலேயே பல இனங்கள் பிரிந்துவிடும். ஃபிளாஷ் நேராக அடித்தால் பளபளப்பில் செதில் விளிம்பு மறைந்துபோகும். நிழலில் எடுங்கள், அல்லது ஃபிளாஷ் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டுங்கள். சாலையில் அடிபட்டுச் செத்தது கிடைத்தால் வயிற்றுப்புறமும் எடுக்கலாம்: அகன்ற வயிற்றுத் தகடுகள் இருந்தால், மண்புழு போலவே தோன்றும் குருட்டுப் பாம்பு இல்லை என்று உறுதி. உயிருள்ளதைப் பிடித்துப் புரட்ட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றாதீர்கள். தேதியும் இடமும் அழிந்திருக்கும். வரைபடக் குறியை ஊர்ச் சந்தையில் போட்டுவிடுவதும் பெரிய கேடு. இந்த மலைச்சரிவில் சில கிலோமீட்டர் தள்ளினாலே உயரம் 1000 மீட்டர் மாறும். இடம் எவ்வளவு சரி என்பதை வரைபடத்தில் காட்டும் துல்லிய வட்டத்தைச் சுருக்கி, உயரத்தைக் குறிப்பில் எழுதுங்கள். அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் இடத்தைத்தான் தளம் தானாக மறைக்கும். மற்றவற்றுக்குத் தேவைப்பட்டால் நாமே மறைக்க வேண்டும்.

செதில் தெரியாத படமா? 'ட்ரகிஷியம்' என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். இதற்கு மேல் அடையாளம் காண முடியாது என்று பதிவின் கீழுள்ள தரவுத் தர மதிப்பீட்டுப் பகுதியில் குறித்து மற்றவர்களும் ஒப்பினால், பேரின அளவிலேயே ஆய்வுத் தரம் கிடைக்கும்.