மலையும் வீதியும் தெரிகிற பவுலின் பயணப் படம்

அப்போஸ்தலனாகிய பவுல் சுவிசேஷம் சொல்லப் போன பயணங்களைக் காட்டும் படம் நம் வேதாகமங்களின் கடைசிப் பக்கங்களில் எப்போதும் இருக்கிறதுதான். வெள்ளைத் தாளில் சிவப்பு, நீலம், பச்சைக் கோடுகள், அவ்வளவே. கொட்டாஞ்சேனையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் நான் வாங்கிய சுவர்ப்படத்தில் மலை, ஆறு, ரோமர் போட்ட வீதி எல்லாம் வரைந்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஞாயிறு பாடசாலையின் பெரிய வகுப்புக்காக எடுத்தேன். விலை 2,400 ரூபா. தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலாம் பயணத்தையே பாருங்கள். சீப்புரு (சைப்பிரஸ்) தீவைக் கடந்து பெர்கேக்கு வந்ததும் மாற்கு என்னும் யோவான் பவுலையும் பர்னபாவையும் விட்டுத் திரும்பிவிடுகிறான். பெர்கேக்கு வடக்கே, கபில நிறத்தில், தவுரு மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டினால்தான் பிசீதியாவிலுள்ள அந்தியோகியா. அந்த ஊர் 1,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் கால்நடையாக ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மாற்கு இந்த மலையைப் பார்த்துப் பயந்திட்டாரோ?" என்று கேட்டாள். காரணம் வேதத்தில் எழுதப்படவில்லை. ஆனால் வெறும் கோட்டுப் படத்தைப் பார்த்து யாருக்கும் இந்தக் கேள்வி வந்திராது.

இரண்டாம் பயணம் இன்னும் அருமை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமர் போட்ட எக்னாத்தியா வீதியைத் தடித்த கோடாகக் காட்டியிருக்கிறார்கள். நெயாப்போலி துறைமுகத்தில் இறங்கினால் பிலிப்பி, அம்பிபோலி, அப்பொலோனியா, தெசலோனிக்கே என்று ஊர்கள் அந்த வீதியிலேயே வரிசையாக வருகின்றன. பவுலும் சீலாவும் ஏன் அந்த வழியாகப் போனார்கள் என்று தனியாக விளக்கத் தேவையில்லை. கொரிந்துவுக்குப் பக்கத்தில் கி.பி. 51 என்று போட்டு, தெல்பியில் கிடைத்த கல்வெட்டில், கொரிந்துவில் பவுலின் வழக்கைக் கேட்ட ரோம அதிபதி கல்லியோனின் பெயர் இருப்பதையும் சின்ன எழுத்தில் குறித்திருக்கிறார்கள். ஆண்டை மட்டும் போடாமல் அதற்கான ஆதாரத்தையும் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, குறைகளும் உண்டு. சீரியாவின் அந்தியோகியாவும் பிசீதியாவின் அந்தியோகியாவும் ஒரே அளவு, ஒரே நிறம், பிள்ளைகள் குழம்புகிறார்கள். நான் ஒன்றின்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். மூன்றாம் பயணத்தின் கோடு பல இடங்களில் இரண்டாவதன் மேலேயே ஓடுகிறது. ரோமாபுரிக்குப் போன கடற்பயணத்துக்குத்தான் பெரிய அநியாயம். 276 பேரோடு கப்பல் உடைந்த மெலித்தா (மால்ட்டா) தீவு வெறும் ஒரு புள்ளி! அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு முழு அதிகாரத்தை நிரப்பும் அந்தப் புயலுக்கு மூலையில் ஒரு தனிக்கட்டம் கொடுத்திருக்கலாம்.

லெமினேட் பளபளப்பு ரியூப் லைட்டுக்கு நேரே கண்ணைக் கூச வைக்கிறது, அதனால் பக்கச் சுவரில் மாட்டுங்கள். இரண்டு அளவில் விற்கிறார்கள். வகுப்புக்கென்றால் பெரியதுதான் சரி. கடையில் மடித்துத் தர வந்தால் சுருட்டித் தரச் சொல்லுங்கள். நடு மடிப்பு நேரே அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தின் மேல் விழுந்து எழுத்தை அழித்துவிடும்.