ஒரே மேசையில் மூன்று எஞ்சின்கள்: லயனலா, மார்க்லினா, டப்ளோவா?

பச்சை விரிப்பு போட்ட மேசை. அதன்மேல் மூன்று பழைய மாடல் ரயில் எஞ்சின்கள் வரிசையாக நின்றன. இடது ஓரத்தில் லயனல் டீசல் எஞ்சின், நடுவில் மார்க்லின், வலது ஓரத்தில் ஹார்ன்பி டப்ளோவின் சின்ன டாங்க் எஞ்சின். கையிலிருந்த காசுக்கு ஒன்றுதான் கிடைக்கும். பின்னால் இரண்டு பேர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நகர்ந்தால் அவர்கள் கை நீளும்.

பழைய மாடல் ரயில் தேடி ஹாபி ஷோக்களுக்குப் போகிற எல்லாருக்கும் இந்த நெருக்கடி பழக்கம்தான். வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டால், எது அழகு, எது அரிது, எது நன்றாக ஓடும் என்று பார்ப்போம். ஷோவில் அப்படி முடியாது. எஞ்சின் கையில் இருப்பது ஐந்து நிமிடம். கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து கொடுக்கவும் வழியில்லை, மாலையில் அந்த மேசையே இருக்காது. அதனால் நான் இந்த மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: இதன் குறை, ஐந்து நிமிடத்தில் என் கண்ணுக்கும் கைக்கும் அகப்படுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூன்றும் ஒருவகையில் 'மூன்று தண்டவாள' ரயில்கள்தான், அதாவது மின்சாரத்துக்கென்று நடுவில் இன்னொரு தண்டவாளம். அதனால் ஒன்றின் பாதையில் இன்னொன்று ஓடும் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். லயனல் ஓ கேஜ், தண்டவாள இடைவெளி சுமார் 32 மில்லிமீட்டர், ஏ.சி. மின்சாரம். மார்க்லின் 16.5 மில்லிமீட்டர், அதுவும் ஏ.சி. டப்ளோவும் அதே 16.5 மில்லிமீட்டர்தான், ஆனால் 12 வோல்ட் டி.சி. ஆக, மார்க்லின் பாதையில் டப்ளோ பாந்தமாக உட்காரும். மின்சாரம் கொடுத்தால்தான் வினை. ஒரு ஷோவில் விற்பவர் "ஓடுது பாருங்க" என்று கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து ஒரு டி.சி. எஞ்சினில் இணைக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாகிவிட்டது. மேசையில் எஞ்சின் இருந்தால் மட்டும் போதாது. அதற்கு உரிய மின்சாரம் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி லயனல். ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. சேகரிப்பவர்கள் 'போஸ்ட்வார்' என்று சொல்வது 1945 முதல் 1969 வரை வந்த சரக்கை. அமெரிக்க ஷோக்களில் மேசைக்கு மேசை நிறைந்து கிடப்பது இதுதான். அதன் மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, சுருளும் பிரஷ்ஷும் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் துண்டு)தான். அழுக்கேறி இறுகிப்போயிருந்தாலும் துடைத்து, எண்ணெய் விட்டு, பிரஷ் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். உதிரி பாகங்களைப் புதிதாகச் செய்து விற்பவர்களும் நிறையப் பேர்.

லயனலில் என்னென்ன பார்க்க வேண்டும்? டீசல் எஞ்சின் என்றால் முதலில் அடிப்பகுதி. எஃப்3, ஜிபி7 போன்றவற்றில் ஹாரன் ஒலிக்க ஒரு தடித்த டி-செல் பேட்டரி உள்ளே வைப்பார்கள். பண்டிகை முடிந்ததும் ரயிலைப் பரணில் ஏற்றிய வீட்டுக்காரர் அந்த பேட்டரியை மறந்திருப்பார். பத்தாண்டு, இருபதாண்டு கழித்து அது கசிந்து அடித்தட்டையே அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே வெள்ளைப் பொருக்கு. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் எஞ்சினைத் தாராளமாகப் புரட்டிப் பார்க்கலாம். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்.

அடுத்தது ஈ-யூனிட். எஞ்சினை முன்னே, நிறுத்தம், பின்னே, நிறுத்தம் என்று முறைமாற்றும் சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். மின்சாரம் கொடுத்ததும் 'ர்ர்ர்' என்று இரைந்தால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. முறை மாறாமல் ஒரே நிலையில் மாட்டிக்கொண்டால் உள்ளேயுள்ள மெல்லிய செம்புத் தகடுகள் தேய்ந்திருக்கும். சரிசெய்யலாம், ஆனால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சக்கரங்கள் தண்டவாளத்தைக் காந்தத்தால் பற்றிக்கொள்ளும் மேக்னி-டிராக்‌ஷன் 1950இல் வந்தது. சில எஞ்சின்களில் எண்ணோடு 671ஆர்ஆர், 726ஆர்ஆர் என்று இருக்கும். 1952இல் கொரியப் போர்க் காலத்தில் காந்த உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த வசதி இல்லாமல் வெளியானவை அவை. இரும்புத் தண்டவாளத் துண்டு ஒன்றை சக்கரத்தருகே கொண்டுபோனால் ஒட்டுகிறதா இல்லையா என்பது நொடியில் தெரிந்துவிடும். ஷோவில் தேடுபவனுக்கு லயனலைப் பிடிப்பதே இதனால்தான்: அதன் ரகசியங்கள் எல்லாம் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன.

அதற்காக ஏமாற்று இல்லாமலா? உதிரி தாராளமாகக் கிடைப்பதே அதன் வில்லங்கமும். மூன்று உடைந்த எஞ்சின்களைச் சேர்த்து ஒரு 'அசல்' எஞ்சினைக் கட்டிவிட முடியும். 1957இல் சிறுமிகளுக்கென்று லயனல் ஒரு இளஞ்சிவப்பு எஞ்சினையும் வெளிர் நிறப் பெட்டிகளையும் கொண்டுவந்தது. அப்போது அது விலைபோகவில்லை. இன்று அரிதான பொருள். அதனாலேயே அந்த நிறத்தில் எதைப் பார்த்தாலும் நான் முதலில் மறுபெயின்ட் என்றே வைத்துக்கொள்வேன். அசல் என்று நிரூபிப்பது விற்பவர் பொறுப்பு. சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் நல்லது. பிற்காலத்துப் பெயின்ட் அந்த ஒளியில் பழைய பெயின்ட்டிலிருந்து வேறாகத் தெரிவதுண்டு. திருகாணித் தலையைப் பாருங்கள்: உடம்பெல்லாம் மங்கியிருக்க, திருகாணியின் காடி மட்டும் புதிதாக மின்னினால் யாரோ திறந்திருக்கிறார்கள். பழுது பார்க்கவும் திறந்திருக்கலாம்; கேட்டால் கெட்டுப்போகாது.

மார்க்லின் வேறு ஜாதி. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859இல் தொடங்கிய கம்பெனி. 1891இல் லைப்சிக் சந்தையில் பாதை அகலங்களை எண்ணிட்டு ஒழுங்குபடுத்திக் காட்டியவர்கள். இன்று 'ஓ கேஜ்' என்று நாம் சொல்வது உண்மையில் அந்த வரிசையின் பூஜ்யம். எப்போதோ யாரோ பூஜ்யத்தை 'ஓ' என்று படித்துவிட்டார்கள், அப்படியே நின்றுவிட்டது. இப்போதைய எச்ஓ அளவில் (மேலே சொன்ன 16.5 மில்லிமீட்டர்) அவர்கள் மேசை ரயிலைக் கொண்டுவந்தது 1935இல். 1939இன் எஸ்கே 800, 1947இன் சிசிஎஸ் 800 என்னும் 'முதலை' ஆகிய எஞ்சின்கள் ஷோக்களில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கும். சாமானியர் தேடுவது 1950, 60களின் சரக்கை.

செய்நேர்த்தியில் மூன்றிலும் இதுதான் முதல். கையில் எடுத்தாலே கனம் சொல்லும். நடுத் தண்டவாளத்தை 1950களில் எடுத்துவிட்டு, கட்டைகளின் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகளாக மாற்றினார்கள். எஞ்சினின் அடியில் நீளமாக ஒரு சறுக்குத் தகடு அவற்றைத் தொட்டுக்கொண்டே போகும். அந்தத் தகட்டைப் பார்த்தால் எஞ்சின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல. நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் "பெட்டியைவிட்டு எடுக்கவே இல்லை" என்ற கதையை நம்ப வேண்டாம். தகடு மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

மார்க்லினில் எனக்குத் தயக்கம் வருவது இரண்டு இடங்களில். திசை மாற்ற, 16 வோல்ட்டில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு கணம் 24 வோல்ட் தட்டுவார்கள். உள்ளே ரிலே புரளும். அந்த ரிலேயின் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேகத்தைக் கூட்டும்போதே எஞ்சின் திடீரென்று பின்னோக்கிப் பாயும். இரண்டாவது, டிஜிட்டல் மாற்றம். பழைய ரிலேயை எடுத்துவிட்டு சிப் பொருத்திய எஞ்சின்கள் நிறையச் சுற்றுகின்றன. ஓட்டுபவருக்கு அது வசதி; பழமை தேடுபவருக்கு நஷ்டம். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. நேர்மையான விற்பனையாளர் சொல்லிவிடுவார், மற்றவர் "தெரியாது" என்பார்.

கூடவே ஒரு எச்சரிக்கை. எஞ்சினோடு பழைய டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள், எந்தக் கம்பெனி சரக்கானாலும். வயரின் உறை இறுகி வெடித்திருக்கும். அலமாரியில் அழகுக்கு வையுங்கள், சுவரில் செருகாதீர்கள்.

கடைசியாக டப்ளோ. பிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி லிவர்பூலில் 1938இல் கொண்டுவந்தது. போருக்குப் பின் திரும்ப வந்து, 1959இல் இரண்டு தண்டவாளத்துக்கு மாறி, 1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மனசைக் கேட்டால் நான் டப்ளோ பக்கம்தான். அந்த வார்ப்பு எஞ்சின்களும் அச்சிட்ட தகரப் பெட்டிகளும் சேர்ந்து நிற்கும் அழகு மற்ற இரண்டுக்கும் இல்லை. ஆனால் என் கேள்வியில் தோற்பதும் இதுதான்.

காரணம் காந்தம். டப்ளோ மோட்டாரின் வலு நிரந்தரக் காந்தத்தில் இருக்கிறது. வயதாக ஆக அது மங்கும். யாராவது ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பாகம்) கவனமில்லாமல் வெளியே எடுத்து வைத்திருந்தால் இன்னும் மங்கும். காந்தம் செத்த எஞ்சின் ஓடத்தான் ஓடும். ஷோவின் சோதனைப் பாதையில் ஒரு சுற்று ஜோராகவே வரும். நாலு பெட்டி மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டினால்தான் திணறி, சூடேறி, மூச்சு வாங்கும். ஐந்து நிமிடத்துக்குள் அது பிடிபடாது. மறுபடி காந்தமேற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது வாங்கிய பின் வரும் செலவு.

இரண்டாவது, போருக்கு முந்தைய வார்ப்புகளில் வரும் துத்தநாக நோய். இது டப்ளோவுக்கு மட்டுமானதல்ல. லயனல், மார்க்லினின் அந்தக் காலத்துச் சரக்கிலும் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்துவிட்டால், ஈரமும் வெப்பமும் சேரச் சேர உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிந்து, வெடித்து, கடைசியில் பிஸ்கட்போல உதிரும். மருந்தே கிடையாது. சக்கரத்தின் விளிம்பில் மயிரிழை விரிசல், உப்பிய அடிச்சட்டம், சரியாக மூடாத உடல், இவற்றைத் தேடுங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் உடனே கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, மூன்று தண்டவாள எஞ்சினை இரண்டுக்கு மாற்றியதும், பின்னாளில் டப்ளோவின் அச்சுகளைக் கொண்டே ரென் கம்பெனி செய்த உடலைப் பழைய அடிச்சட்டத்தில் மாட்டியதும் கலந்து வரும். கடைசி ஆண்டுகளின் இரண்டு தண்டவாள எஞ்சின்கள் குறைவாகவே வந்ததால் அங்கேதான் இந்தக் கைவரிசை அதிகம்.

அமெரிக்கன் ஃப்ளையரைச் சொல்லாமல் விட்டால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 1946இலிருந்து எஸ் கேஜில் (ஓ கேஜுக்கும் எச்ஓவுக்கும் இடைப்பட்ட அளவு), இரண்டே தண்டவாளத்தில் ஓடிய அழகான ரயில். நிஜ ரயில் தோற்றத்துக்கு லயனலைவிட நெருக்கம். ஆனால் பல எஞ்சின்களில் டெண்டருக்கும் (நீராவி எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரி-தண்ணீர் வண்டி) எஞ்சினுக்கும் இடையே ஓடும் மெல்லிய வயர்கள் உடைந்தே வருகின்றன. மார்க்ஸ் தகர ரயில்கள் மலிவு, முரடு, குழந்தைகளோடு ஓட்ட நல்லது. அவ்வளவுதான்.

தரக் குறியீடு பற்றி ஒரு வார்த்தை. 1954இல் தொடங்கிய அமெரிக்க ரயில் சேகரிப்போர் சங்கம் (ஏப்ரலிலும் அக்டோபரிலும் பென்சில்வேனியாவின் யார்க் ஊரில் கூடும் பெரிய சந்தை அவர்களுடையதுதான்) சி-1 முதல் சி-10 வரை அளவுகோல் வைத்திருக்கிறது. சி-7 என்றால் எல்லாம் அசல், துரு இல்லை, நுண்ணிய கீறல்கள் மட்டும். சி-5 என்றால் விளையாடிய அடையாளம், சின்ன நசுங்கல். அளவுகோல் நல்லதுதான். விற்பவர் வாயில் சி-5, சி-7 ஆவதும் வாங்குபவர் வாயில் சி-7, சி-5 ஆவதும் உலக வழக்கம். லேபிளைப் படிக்காமல் எஞ்சினைப் படியுங்கள்.

ஆக, என் வரிசை இது. ஷோவில் முதல்முறை தேடுகிறவருக்கு லயனல் போஸ்ட்வார், அதிலும் டீசலைவிட நீராவி எஞ்சின். உரிய சோதனைப் பாதை இருந்தால் மார்க்லின். டப்ளோவை நாலைந்து எஞ்சின் வாங்கிக் கை சுட்டுக்கொண்ட பிறகு தொடுங்கள், அல்லது தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பச்சை விரிப்பு மேசைக்கு வருகிறேன். லயனல் டீசலைப் புரட்டினேன். பேட்டரி இருந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு. மார்க்லினில் சிப் போட்டிருப்பதாக மேசைக்காரப் பெரியவரே சொல்லிவிட்டார். டப்ளோவை மட்டும் கீழே வைக்க மனசே வரவில்லை, ஆனால் ஓட்டிப் பார்க்க டி.சி. இல்லை. பின்னாலிருந்தவர்களுக்கு வழிவிட்டு நகரும்போது, மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி காலில் தட்டியது. உடைந்த பெட்டிகள், வளைந்த தண்டவாளம், நடுவில் தூசி படிந்த ஒரு கறுப்பு லயனல் 2037. சக்கரத்தில் விரிசல் இல்லை, திருகாணியை யாரும் தொடவில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்ததும் ஈ-யூனிட் இரைந்தது, சக்கரம் முன்னும் பின்னும் மாறிச் சுழன்றது. வாங்கிவிட்டேன்.

டெண்டர்தான் கூட வரவில்லை. அதற்குப் பொருத்தமான 6026டபிள்யூ விசில் டெண்டரை ஒவ்வொரு ஷோவிலும் மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.