பொம்மை உடை தைக்கும் கிட் வாங்கினேன்: பேட்டர்னுக்கு முழு மார்க், துணிக்கு முட்டை

அண்ணன் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கடையில் தொங்குகிற பார்பி டிரெஸ் வேண்டாம், அத்தைதான் தைத்துத் தர வேண்டும், அதுவும் பாவாடை சட்டை என்று கட்டளை வந்துவிட்டது. பத்து வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள் நான், வரலட்சுமி அம்மனுக்கு வருடாவருடம் குட்டிப் பாவாடை தைத்த கை வேறு, ஒரு அடிகூட இல்லாத பொம்மைக்குத் தைப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். சரி, பேட்டர்னாவது, அதாவது துணியை வெட்டுவதற்கான அளவுப் படமாவது, ரெடியாகக் கிடைக்கட்டும் என்று ஆன்லைனில் 749 ரூபாய்க்கு ஒரு பொம்மைத் தையல் கிட் வாங்கினேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, போட்டும் பிரயோஜனமில்லை, இதே பெட்டி இதே படத்தோடு மூன்று நான்கு பெயரில் விற்பனையில் இருக்கிறது.

உள்ளே பேட்டர்ன் அச்சிட்ட பெரிய தாள் இரண்டு, துணித் துண்டு நாலு, நூல் மூன்று கலர், டிச் பட்டன் ஆறு ஜோடி, ஒரு விரல் நீளத்துக்கு வெல்க்ரோ, லேஸ், ஊசி, ஒரு பிளாஸ்டிக் கத்தரி. கத்தரியைப் பற்றிப் பேச வேண்டாம், தாளைக்கூட அது மென்றுதான் வெட்டுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்டர்னைப் போட்டவர் யாரோ உண்மையிலேயே பொம்மைக்குத் தைத்துக் கை வலித்தவர். பார்த்தவுடனே தெரிந்தது. நமக்குத் தைக்கிற சட்டையில் பக்கத் தையலை முடித்துவிட்டுக் கடைசியில் கையை வைக்கிறவர்கள் உண்டு. பொம்மைக்கு அப்படிச் செய்தால் தொலைந்தோம், கக்கத்து வளைவு சுண்டுவிரல்கூட நுழையாத அளவு. இதில் துணி தட்டையாக இருக்கும்போதே கையை வைத்து, அதன் ஓரத்தையும் மடித்துவிட்டு, அப்புறம் கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தைக்கச் சொல்கிறார்கள். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே வரை முழுசாகத் திறக்கிறது, ஏனென்றால் பொம்மைக்கு விறைத்த கை, விரித்த விரல், தலை வழியாக எதையும் மாட்ட முடியாது. கழுத்தை மடித்து அடிக்காமல் உடம்புப் பகுதி முழுவதற்கும் மெல்லிய லைனிங் கொடுத்துத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் குட்டி வளைவில் மடிப்பு ஏறாது என்பதால் அதுதான் சரியான வழி. தையலுக்கு விட்ட இடம் 3 மில்லிமீட்டர். இதைப் பார்த்தபோது யோசித்தேன், பொம்மை ஆறில் ஒரு பங்கு அளவு, 11.5 அங்குலத்தை ஆறால் பெருக்கினால் 69 அங்குலம், ஐந்தே முக்கால் அடிப் பெண். நான் பழக்கதோஷத்தில் கால் அங்குலம் விட்டிருந்தால் அவளுடைய கணக்கில் ஒன்றரை அங்குலம் துணி ஒவ்வொரு தையலுக்குள்ளும் மடிந்து கிடக்கும். அப்புறம் எங்கே உடம்பில் ஒட்டும்?

ஆனால் பெட்டி மேல் எழுதியிருப்பது ‘11.5 அங்குலப் பொம்மைகளுக்குப் பொருந்தும்’ என்று மட்டும்தான். அங்கேதான் வினை. 1959-இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி வந்தபோது அவளுக்கு ஒரே உடம்புவாகுதான், அந்தக் காலத்துக்கு இந்த வரி சரி. 2016-இல் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் கம்பெனி உயரமானது, குட்டையானது, பூசினாற்போல் இருப்பது என்று மூன்று புது உடம்பு கொண்டுவந்துவிட்டது. எங்கள் வீட்டு மகாராணி அந்தப் பூசின உடம்புக்காரி. பேட்டர்ன் 9 சென்டிமீட்டர் இடுப்புக்கு வெட்டியது, இவளை டேப்பால் அளந்தால் 11-ஐத் தொடுகிறது. முதலில் வெட்டின காடாத் துணி சட்டை பின்னால் இரண்டு விரல் இடைவெளியோடு நின்றது. நல்லவேளை, நல்ல துணியில் கை வைக்கவில்லை.

அதைச் சரிசெய்தது கிட் அல்ல. பொம்மை உடம்பில் சமையலறை கிளிங் ஃபிலிமை இறுக்கிச் சுற்றி, மேலே பேப்பர் டேப்பை ஒட்டி, பேனாவால் கழுத்து, கக்கம், இடுப்பு, நடுக்கோடு எல்லாம் வரைந்து, கோட்டின் மேலேயே வெட்டி உரித்து எடுத்தால் அவளுடைய அச்சு அப்படியே கையில் வந்துவிடும். தட்டையாகப் படியாத இடத்தில் ஒரு வெட்டு போட்டால் அதுதான் டாட், துணியை உடம்பு வளைவுக்குப் பிடித்துத் தைக்கிற இடம். அந்த அச்சைக் கிட்டின் தாள் மேல் வைத்துப் பக்கத்தில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அரைமணி நேர வேலை, பத்து ரூபாய் செலவில்லை. இதை ஒரு மூலையில் நாலு வரியில் அச்சிட்டிருந்தால் எந்தப் பொம்மைக்கும் இந்தக் கிட் பொருந்தியிருக்கும்.

இப்போது துணிக்கு வருகிறேன். பேட்டர்ன் போட்ட மனிதருக்கும் துணி எடுத்த மனிதருக்கும் பேச்சுவார்த்தையே இருந்திருக்காது. நாலு துண்டில் ஒன்று பாலியஸ்டர் சாட்டின், வெட்டின கையோடு இழை இழையாகப் பிரிகிறது, 3 மில்லிமீட்டர் ஓரத்தில் பாதி போய்விட்டால் தையல் எதன் மேல் நிற்கும்? இன்னொன்று ஜரிகை பிரோகேட், அட்டை மாதிரி விறைப்பு. மூன்றாவது காட்டன்தான், ஆனால் ரோஜாப்பூ ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம், அந்த ஐந்தே முக்கால் அடிப் பெண் ஒரு அடி அகலப் பூவை நெஞ்சில் சுமந்து நிற்பாள், அதுவும் பாதிப் பூ. பேட்டர்னைச் சின்னதாக்கலாம், துணியின் கனத்தைச் சின்னதாக்க முடியாது. அதனால்தான் பொம்மைக்கு மல்மல், டூ பை டூ ஜாக்கெட் துணி, நைந்த கைக்குட்டை போன்ற மெல்லிய காட்டன் தேவை. கைக்குட்டையில் ஒரு லாபம் உண்டு, ஓரம் ஏற்கனவே மெல்லிசாக அடித்திருக்கும், அதையே பாவாடையின் அடிப்பக்கமாக வைத்துவிடலாம்.

நாலாவது துண்டு சிவப்பு. அதைத் தனிப் பத்தியில்தான் திட்ட வேண்டும். பிள்ளை ஆசைப்பட்டாளே என்று அந்தச் சிவப்பை ஒரு பாவாடையாகச் சுற்றி இரண்டு நாள் விட்டுவைத்தோம், அவிழ்த்தபோது தொடை முழுக்க ரோஜா நிறம். பொம்மையின் உடம்பில் ரப்பர் மாதிரி இருக்கிற அந்த வினைல் பிளாஸ்டிக், சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், சோப்பு போட்டால் போகாது. முகப்பருவுக்குப் போடுகிற பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறையில் மட்டும் தடவி, மேலே பிளாஸ்டிக் சுற்றி வெயிலில் வைத்தேன், நாலு நாளில் கறை மங்கிப் போனது. கறையைத் தாண்டி வழிந்தால் பொம்மையின் நிறமும் வெளுத்துவிடும், கண் புருவப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. எந்த அடர் நிறத் துணியானாலும் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். கிட்டில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை இல்லை, கேட்டு எழுதின மெயிலுக்குப் பதிலும் இல்லை.

ஆக, கடைசியில் பாவாடை ஆனது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எத்தனையோ சலவை பார்த்துப் பூப்போல ஆகியிருக்கும், போகிற சாயமெல்லாம் எப்போதோ போயிருக்கும், அந்தக் குட்டிப் புள்ளிகள் பொம்மைக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். சேலையின் கரை மிக அகலம், அதிலிருந்து மெல்லிய ஒரு கோடு மட்டும் எடுத்து அடியில் வைத்தேன். வெட்டுவதற்கு முன் கொஞ்சம் சாதக் கஞ்சியில் முக்கிக் காயவைத்துத் தேய்த்தேன், நழுவுகிற துணி காகிதம் போல நிற்கும், தைத்து முடித்து அலசினால் பழைய மென்மை திரும்பிவிடும். அம்மன் பாவாடைக்குப் போடுகிற மாதிரி மூன்று மடங்கு சுருக்குப் போட்டேன், இடுப்பில் உரல் கட்டின மாதிரி உப்பியது. பிரித்து, இரண்டு மடங்கு துணியைக் குட்டிக் கொசுவமாக மடித்துத் தேய்த்துத் தைத்தபோதுதான் பாவாடை உப்பாமல் படிந்து விழுந்தது.

மெஷினில் தைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். என்னுடைய கால் மெஷின் முதல் தையலிலேயே துணியின் மூலையை ஊசி ஓட்டைக்குள் இழுத்து விழுங்கியது. ஜவுளிப் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளை அடியில் வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுத்தால் இந்த வம்பு இல்லை. ஊசி 9-ஆம் நம்பர், தையல் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். வழக்கமான இரண்டரையில் வைத்தால் பொம்மை அளவில் அது அப்புறம் பிரிப்பதற்காகப் போடுகிற கச்சாத் தையல்தான்.

வெல்க்ரோவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். அது பொம்மையின் முடியைப் பிடிக்கிறது, சுங்குடியின் இழையையும் இழுக்கிறது, இரண்டடுக்குச் சேர்ந்தால் முதுகில் திமில் வேறு. ஆரம்பகாலப் பார்பி உடைகளில் குட்டி ஜிப், உள்லைனிங் எல்லாம் வைத்து ஜப்பானில் தைத்திருக்கிறார்கள், படத்தைப் பார்த்தாலே நமக்குக் கை கூசும். நான் ஜிப்புக்குப் போகவில்லை, டிச் பட்டனில் ஆகச் சின்ன சைஸ் மூன்று போதும். கிட்டில் இருக்கும் டிச் பட்டன் நன்றாகவே இருக்கிறது, இறுக்கமும் சரி.

விலைக்குத் தகுமா என்றால், ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவர் அந்த இரண்டு தாளுக்காக வாங்கலாம், நான் இன்னும் பத்து உடைக்கு அதையேதான் பயன்படுத்தப்போகிறேன். வீட்டில் கட் பீஸ் இல்லாதவர், முதன்முதலாக ஊசி பிடிக்கும் பிள்ளை இவர்களுக்கு வேண்டாம், அந்தச் சாட்டினோடு மல்லுக்கட்டி ஒரே நாளில் தையலையே வெறுத்துவிடுவார்கள். ஐந்துக்கு மூன்று ஸ்டார் கொடுத்திருக்கிறேன்.

நூலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றுமே லேசாக இழுத்தால் அறுகிற ரகம், அதனால் முழுக்க என் நூலிலேயே தைத்தேன். கடைசி டிச் பட்டன் வைக்கும்போது மட்டும் நடுராத்திரி, நூல் கலர் சரியாக ஒத்துப்போகிறதே என்று கிட் நூலைக் கோத்துவிட்டேன். பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள் திண்டுக்கல்லிலிருந்து போன். “அத்தை, சட்டை சூப்பர், ஆனா மேல் பட்டன் மட்டும் கையோட வந்துடுச்சு.”