கட்டட அனுமதி இணையதளம்: சில வருடம் புழங்கிய பிறகு

வீட்டுக்கு பிளான் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தையும் பார்த்தவன், இப்போது ஆன்லைனில் போடுகிறவன். எந்த இணையதளம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. நான் புழங்கிய எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் எவ்வளவு என்று திரையிலேயே தெரிகிறது, கட்டினால் ரசீது உடனே வருகிறது. 'சார் லீவு, நாளைக்கு வாங்க' என்பது பெருமளவு ஒழிந்தது. ஆட்டோகேட் மென்பொருளில் போட்ட வரைபடத்தில் மனை எல்லை, கட்டட எல்லை, சாலை என்று லேயர் லேயராக (தனித்தனி அடுக்காக) பிரித்து ஏற்றினால், சுற்றிலும் விட்ட இடம் போதுமா என்று கணினியே அளந்து சொல்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-க்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வது இதனால் குறைந்திருக்கிறது.

நில விவரம் கேட்கும் பக்கத்தில்தான் சிக்கல். புல எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். கிரயப் பத்திரத்தில் 124/2 என்று இருக்கும். உட்பிரிவு ஆன பிறகு பட்டாவில் 124/2ஏ1. டவுன் சர்வே முடிந்த ஊர் என்றால் வார்டு, பிளாக் என்று மூன்றாவதாக ஓர் எண்ணும் சேரும். மனை ஒன்றுதான். ஆனால் ஓர் எண்ணைப் போட்டால் மற்ற ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. பழைய எண், புதிய எண் என்று இரண்டு கட்டம் வைத்தாலே பாதி தலைவலி தீரும்.

பரப்பளவு இன்னும் மோசம். பத்திரத்தில் 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் 0-02.00 (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்). தளம் கேட்பதோ சதுர மீட்டர். 5 சென்ட் என்றால் 202.34 சதுர மீட்டர், பட்டாப்படி 200. நடுவில் காணாமல் போன 25 சதுர அடிக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு வரும். யாரும் ஆக்கிரமிக்கவில்லை, ரவுண்டு பண்ணியதில் போனது! பத்திரப்படி எவ்வளவு, பட்டாப்படி எவ்வளவு, இடத்தில் அளந்தது எவ்வளவு என்று அந்தந்த அலகிலேயே கேட்டுவிட்டு, குறைவானதைத் தளமே எடுத்துக்கொள்ளலாமே. எங்கள் மேசையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்கிறோம்.

குறை சொல்லும் விதமும் மாற வேண்டும். வில்லங்கச் சான்று தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். சரிசெய்து போட்டால், அடுத்து காலிமனை வரி ரசீது எங்கே என்பார்கள். முதல் தடவையே எல்லாக் குறையையும் மொத்தமாக எழுதினால்தான் அனுப்ப முடியும் என்று அதிகாரியின் திரையை அமைத்திருக்கலாம். விண்ணப்பதாரர் பார்க்கும் பக்கத்தை எவ்வளவு பளபளப்பாக்கினாலும், உள்ளே இருப்பவர் பார்க்கும் பக்கம் பழைய கோப்பு மாதிரியே இருந்தால் என்ன பயன்?

ஓடிபி தொல்லை தனி. ஓனர் துபாயில் இருப்பார், நம்பர் இங்கே அவர் அம்மாவிடம் இருக்கும். அந்த அம்மாவுக்கோ, ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருப்பார். அந்த அம்மா சொல்லாதது நியாயம்தான்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, அதாவது விவரமெல்லாம் சரி என்று ஓனரே உறுதி கொடுப்பது, எனக்குப் பிடித்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ உள்ள வீட்டுக்கு உடனடி அனுமதி. திரை அழகாக இருப்பதால் வந்த வேகம் இல்லை இது. நடுவில் இருந்த மேசைகளை எடுத்ததால் வந்தது.

ஆனால் 'உடனடி' என்றதும், யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கொடுத்த விவரம் தவறு என்றால் பொறுப்பு ஓனருடையது, அனுமதியும் ரத்தாகலாம். இது உறுதிமொழிப் பத்திக்குள் பொடி எழுத்தில் கிடந்தால் யார் படிப்பார்கள்? டிக் போடுமுன் நான் அதை ஓனருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். அப்போதுதான் சிலர் மெதுவாக, "சார், மாடிப்படியை மட்டும் கொஞ்சம் சந்துப் பக்கம் தள்ளலாம்னு இருந்தோம்..." என்று ஆரம்பிக்கிறார்கள்.